வெள்ளை டேலியாவில் ஒரு சிவப்பு

கமலநாயகி பயந்தவள். இதை முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்க மாட்டாள். "ஓம், நான் பயந்தவள்தான்" என்று ஒத்துக்கொண்டு, அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்க இன்னொரு தடவை குசினிக்குள் போவாள். தபால்காரர் மஞ்சள் உறையோடு படியேறினால் சாமிப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். ஜெர்மனியில் அரசாங்கம் கண்டிப்போடு ஏதாவது சொல்ல நினைத்தால் மஞ்சள் உறையில்தான் சொல்லும். ட்ராமில் பரிசோதகர் ஏறினால், மாதச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அதிலுள்ள திகதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அகதியாக வந்து, பிறகு இந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுத்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் படிப்பித்து, மூத்தவளுக்குக் கலியாணமும் கட்டிக்கொடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. டுசல்டோர்ஃபுக்குள் வீடு மாறிய ஒவ்வொரு முறையும் சட்டிபானையோடு அதுவும் கூட வந்து இறங்கியது.

இப்படிப்பட்டவளைப் பிடித்து ஓவியக் காட்சிச்சாலையில் காவலுக்கு வைத்தார்கள். சிரிக்க வேண்டாம், அந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்காது.

அதற்கு முன்னால் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் இருந்தாள். ஈரத்துணி தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் போய், இனி ஏலாது என்று வீட்டோடு இருந்த காலத்தில் லோறன்ஸ் வந்து இந்த வேலையைப் பற்றிச் சொன்னான். லோறன்ஸ் அந்தக் காட்சிச்சாலையில் படங்களைச் சுவரில் மாட்டுகிறவன், கழற்றுகிறவன், பெட்டியில் அடுக்கி அனுப்புகிறவன். அவர்கள் வந்த புதிதில் இருந்த அகதிகள் இல்லத்தில் பக்கத்து அறையில் பிறந்த பிள்ளை. அவனுடைய தாய் சுகமில்லாமல் கிடந்த மாதங்களில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் கமலநாயகி. இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

"அன்ரி, சும்மா நிண்டு பாக்கிற வேலைதான். ஆக்கள் கிட்டப் போனா, தள்ளி நில்லுங்கோ எண்டு சொல்லவேணும். உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் பயமே. இதுக்கெண்டே பிறந்திருக்கிறியள்" என்றான்.

அவனுடைய பகிடி பலித்தது. முதுகுப்பையோடு வருகிறவர், குடையோடு வருகிறவர், கையை நீட்டிக் கதைக்கிற பழக்கமுள்ளவர், எல்லோரையும் அவள் வாசலிலேயே கண்டுபிடித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுடைய கண்ணுக்கு ஒவ்வொரு மனிதரும் ஒரு கீறலாகத் தெரிந்தார். மேற்பார்வையாளருக்கு அவளைப் பிடித்துவிட்டது. கண்காட்சி முடிகிற வரைக்கும்தான் வேலை என்று எடுத்தவர், இப்படியே போனால் நிரந்தரமாக்கலாம் என்று ஒருநாள் காதில் போட்டுவிட்டுப் போனார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, சூடான அறை, உட்கார ஒரு நாற்காலி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை இழந்துவிடுவேனோ என்று ஆசையோடு பயந்தாள்.

அவளுடைய அறையில் பெரிய படம் ஒரு பூச்சாடிப் படம். நூறு வருசத்துக்கு முன்னம் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்தது. அவருடைய பெயரை வழிகாட்டிப் பெண் ஒரு விதமாகவும் வருகிறவர்கள் வேறு விதமாகவும் சொன்னதால், கமலநாயகி தனக்குள் 'எங்கட ஆள்' என்று வைத்துக்கொண்டாள். பச்சைச் சாடி ஒன்றில் வெள்ளை டேலியாப் பூக்கள் நெருக்கமாக நிற்கும், இடையில் செம்மஞ்சளாய்ச் சில செவ்வந்திகள். சாடி வைத்த மேசை முன்பக்கம் சரிந்திருக்கும். முதல் நாள் அவள் பயந்ததே அந்த மேசையைக் கண்டுதான். சாடி வழுக்கி விழப்போகிறது என்று கை தன்பாட்டில் முன்னுக்குப் போய்விட்டது.

வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே கதையைச் சொல்லுவாள். இவருக்கு முன்னால் இருந்தவர்கள் வெயிலையும் அது பொருள்களில் பட்டு மாறுகிற கணத்தையும் பிடிக்க ஓடித்திரிந்தார்களாம். இவருடைய ஆட்கள் பின்னுக்கு வந்தவர்கள். பூ அந்தக் கணம் எப்படித் தெரிந்தது என்பதோடு இவர்களுக்குத் திருப்தி வரவில்லை. நிறத்தை நிறத்தோடு மோதவிட்டு, மேசையைச் சரித்து, கோட்டை அழுத்தி, பூ தங்களுக்குள் என்ன செய்தது என்று காட்ட வந்தவர்கள். கமலநாயகிக்கு முதலில் இது விளங்கவில்லை. அவள் கண்டது வெள்ளைப் பூவை மட்டும்தான். ஆனால் போகும்போது "போட்டு வாறன்" என்று அந்தச் சாடிக்குச் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் எப்போதோ வந்துவிட்டது.

மாரிகாலம் வந்தது. சூரியன் தாழ இறங்கி, பக்கத்து யன்னலால் வெயில் நேராக அந்தப் படத்தில் அடிக்கத் தொடங்கியது. வெயில் பட்டால் நிறம் போய்விடுமாம். எதிர்ச் சுவருக்கு மாற்றுவது என்று முடிவாகி, ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதவு திறக்க முன்னம், லோறன்ஸும் இன்னொருவரும் படத்தை இறக்கி நிலத்தில் நுரைக்கட்டைகளின் மேல் வைத்துச் சுவரில் சாய்த்தார்கள். ஆணிகளின் மட்டம் பார்க்கிற கருவியை எடுக்கப் போனார்கள்.

"அன்ரி, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அன்று காலை ட்ராமில், பழக்கமான பவளம் அக்காவைச் சந்தித்திருந்தாள். பவளம் அக்கா முதல் நாள் ஊன்ட்றொப் என்ற ஊரில் நம்முடைய ஆட்கள் கட்டிய அம்பாள் கோயிலுக்குப் போய்வந்தவ, மடித்த தாளில் குங்குமம் கொடுத்தா. வேலைக்கு வந்ததும் உடுப்பு மாற்றுகிற அறையில் கண்ணாடியைப் பார்த்து மோதிர விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். விரலைத் துடைத்தாளா? அது பிறகு அவளுக்கு நினைவு வரவேயில்லை. எவ்வளவு யோசித்தும் கண்ணாடியில் தன் நெற்றிதான் தெரிந்தது, கை தெரியவில்லை.

படத்துக்கு முதுகு காட்டி நின்றவள், தாழ்வாரத்தில் சத்தம் கேட்டு ஓரடி பின்னால் வைத்தாள். குதிக்கால் சட்டத்தில் இடித்தது.

நம்முடைய ஆட்களுக்குக் கால் பட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புத்தகத்தில் பட்டாலும், பக்கத்தில் இருக்கிறவரின் காலில் பட்டாலும், கை யாரையும் கேட்காது. குனிந்தாள், தொட்டாள், கண்ணில் ஒற்றினாள். சட்டத்தைத் தொட்டிருந்தால் பரவாயில்லை. கை போனது பூவுக்கு. அந்தப் படத்துக்குக் கண்ணாடியும் கிடையாது. சொந்தக்காரர் ஒரு தனியார், கண்ணாடி போட்டால் இரவல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஒற்றி முடித்த பிறகுதான், விரலில் பட்ட கரடுமுரடு காய்ந்த வர்ணம் என்று அவளுடைய மூளைக்குச் செய்தி போனது.

வருகிறவர் போகிறவரையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லுகிறவள், தானே போய்த் தடவியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. லோறன்ஸும் மற்றவரும் கருவியோடு வந்தார்கள், படத்தை எதிர்ச் சுவரில் மாட்டினார்கள், போனார்கள். கதவு திறந்தது. சனம் வந்தது.

மத்தியானம் போலத்தான் அதைக் கண்டாள். இடப்பக்கம் தாழ நிற்கிற வெள்ளை டேலியாவில், இதழ்களின் நடுவே, ஒரு சிவப்பு. அரிசிமணியில் பாதி இருக்கும். அவள் கைபோன இடமும் ஏறக்குறைய அதுதான்.

அது முதலே அங்கே இருந்ததா? இதுதான் கேள்வி. மாதக்கணக்காக அந்த அறையில் நின்றிருக்கிறாள். ஆனால் பார்த்தது சனத்தை, பூவை அல்ல. கடையில் விற்கிற அஞ்சலட்டையை எடுத்துப் பார்த்தாள். அந்த அளவில் சிவப்பும் இல்லை, இதழும் இல்லை, வெள்ளையாக ஒரு பொத்தல்தான் தெரிந்தது. யாரையாவது கேட்கலாம். ஆனால் கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்களே.

அன்றிலிருந்து கமலநாயகி படம் பார்க்கத் தொடங்கினாள். ரசித்தாள் என்று சொன்னால் பொய். பயந்து பார்த்தாள். திருடனைத் தேடி வீடு முழுக்க விளக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி, அந்த ஒரு புள்ளிக்காக முழுப்படத்தையும் மூலை மூலையாகத் தேடினாள். வேறெங்காவது இந்த ஆள் இப்படிக் காரணமில்லாமல் சிவப்பு வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் இதுவும் அவருடையது. இல்லாவிட்டால் அம்பாளுடைய குங்குமம்.

பார்க்கப் பார்க்க, வெள்ளை என்று அவள் நினைத்த பூவில் வெள்ளையே இல்லை. ஓர் இதழ் நீலம், அடுத்தது வெளிறிய மஞ்சள், நிழலில் கிடக்கிறது பச்சை. இவ்வளவையும் கூட்டிவைத்து இதை வெள்ளை என்று நம்பச் செய்திருக்கிறார் மனிதர், கெட்டிக்காரன்தான் என்று நினைத்தாள். நினைத்த கையோடு பயம் திரும்பி வந்தது. செவ்வந்திகளைப் பார்த்தாள். அங்கே சிவப்பு இருந்தது, ஆனால் ஒவ்வொரு சிவப்புக்கும் பக்கத்தில் ஒரு பச்சைக்கீற்று இருந்தது. சிவப்பைத் தனியே விடுகிற ஆள் இல்லை இவர். டேலியாவில் இருந்த சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இல்லை.

அப்படியென்றால் என்னுடையதுதான். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் வேறு பக்கத்தால் நின்று பார்த்தாள். சிவப்புக்குக் கீழே மெலிதாக ஒரு பச்சை ஓடுகிற மாதிரி இருந்தது. ஆறுதலாக மூச்சு விட்டாள். மேகம் மூடியதும் அந்தப் பச்சை காணாமல் போனது. இன்னொரு நாள், நாற்காலியில் இருந்தபடி ஒரு கண்ணை மூடி, பெருவிரலை நீட்டி அந்தச் சிவப்பை மட்டும் மறைத்துப் பார்த்தாள். பூ செத்துப்போனது. சோர்ந்து, கழுவின துணி மாதிரித் தொங்கியது. விரலை எடுத்தாள், பூ நிமிர்ந்தது. திரும்ப மறைத்தாள், திரும்ப எடுத்தாள். இந்தச் சிவப்பு இல்லாமல் இந்த வெள்ளை இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்படியானால் அவர்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் விடுமா? உனக்கு அப்படித் தெரியவேணும், அதனால் தெரியுது என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

கடைசியில் புருசனிடம் சொன்னாள். இராசலிங்கம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆராவது கண்டவையோ?"

"இல்லை."

"கமெரா?"

"அது வாசலைப் பாத்துத்தான் இருக்கு. இஞ்சேருங்கோ, போய்ச் சொல்லுவமோ எண்டு யோசிக்கிறன்."

"விசர் கதை கதையாதை. நுணலும் தன் வாயால் கெடும். நான் பட்டது காணாதே?"

அவர் பட்டது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வந்த புதிதில் விசாரணையில், கேளாத கேள்விக்குப் பதிலாக, வழியில் இன்னொரு நாட்டில் சில கிழமை தங்கினோம் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் அங்கேயே அடைக்கலம் கேட்டிருக்கலாமே என்று, அந்த ஒரு வசனத்தால் அகதி வழக்கு வருசக்கணக்காக இழுபட்டது. இந்த நாட்டில் கேட்டதுக்கு மட்டும் வாய் திறக்கவேண்டும் என்பது அதற்குப் பிறகு அவர் வகுத்த சட்டம்.

"கேட்டா?" என்றாள்.

"கேட்டா, தெரியாது எண்டு சொல்லு. அந்தப் பிரெஞ்சுக்காரன் செத்து எத்தினை காலம், அவன் வந்து சாட்சி சொல்லப் போறானே?"

அவர் சத்தத்தைக் கூட்டிவிட்டார். கமலநாயகியும் வாயை மூடிக்கொண்டாள். அப்படியே கண்காட்சி முடிந்திருந்தால் இந்தக் கதையும் முடிந்திருக்கும்.

ஆனால் ஃப்ராவ் ப்ரூக்னர் என்று ஒரு பெண்மணி இருந்தார். படங்களுக்கு வைத்தியர் என்று வைத்துக்கொள்ளலாம். கீறல், வெடிப்பு, தூசி எல்லாம் அவருடைய பொறுப்பு. கண்காட்சியின் கடைசிக் கிழமை, தூசி தட்ட வந்தவர் டேலியாவின் முன்னால் நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். கமலநாயகி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது எனக்கு ஞாபகமில்லையே" என்று அவர் தனக்குள் சொன்னார். பிறகு திரும்பி, "இந்தப் படத்தை இடம் மாற்றியது யார்?" என்று கேட்டார்.

கேள்வி நேராகத்தான் வந்தது. கமலநாயகி நாற்காலியை விட்டு எழும்பினாள். அதற்குள் அவரே, "லோறன்ஸ், இல்லையா?" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். படம் வந்தபோது எடுத்த புகைப்படத்தில் அந்த இடம் விளக்கு வெளிச்சம் பட்டு வெளுத்திருந்ததாம், அதில் ஒன்றும் பார்க்க முடியவில்லையாம். திங்கட்கிழமை பெட்டியில் வைக்கமுதல் நன்றாகப் பார்ப்பார்களாம். வேலைசெய்கிறவர்கள் சாப்பிடுகிற அறையில் இதையெல்லாம் கதைத்தார்கள். லோறன்ஸை அழைத்து, கையுறை போட்டுத்தானே தூக்கினாய், எங்காவது இடித்ததா என்று கேட்டார்களாம். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்ததாம். அந்த மரியாதைதான் கமலநாயகியைக் கலக்கியது. இங்கே கோபமாகக் கேட்டால் கோபம் தணிந்துவிடும், மரியாதையாகக் கேட்டால் அது கடைசிவரை போகும்.

அதற்குப் பிறகு லோறன்ஸ் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. வழியில் கண்டால் "அன்ரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போனான். அவனுக்கு என்னில் சந்தேகம் என்று நினைத்தாள். பிறகு, இல்லை, பாவம், தன் பயத்தில் திரிகிறான் என்று நினைத்தாள். அந்தக் கிழமை முழுவதும் அவளுக்கு இரண்டு பயம். வாய் திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் அவனுடையது. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள், அவனுடைய மனைவி ஜசிந்தா மூன்றாவதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். ஒரு பக்கத்தில் அம்பாளை வேண்டினாள், மறுபக்கத்தில் அம்பாளோடு கோபித்தாள். உன்ர குங்குமத்தால் வந்த வினைதானே என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே கேட்டாள். சாமி பதில் சொல்லாததை, சொல் என்று சொல்லுகிறதாக எடுப்பதா, சொல்லாதே என்று எடுப்பதா என்று அதிலும் குழம்பினாள்.

திங்கட்கிழமை காட்சிச்சாலைக்கு விடுமுறை. சனமில்லாத அறையில் படத்தை இறக்கி ஒரு மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் மரப்பெட்டி மூடி திறந்து கிடந்தது. கமலநாயகிக்கு அன்று வேலை வாசலில் நிற்பது. உள்ளே வந்து நின்றாள், ஒருவரும் போகச் சொல்லவில்லை. ஃப்ராவ் ப்ரூக்னர் நெற்றியில் விளக்கும் கண்ணில் பூதக்கண்ணாடியும் கட்டிக்கொண்டு, மேல் மூலையிலிருந்து விரல் விரலாகக் கீழே வந்தார். லோறன்ஸ் வெள்ளைக் கையுறையோடு எதிரே நின்றான். அவனுடைய மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. அதைக் கண்டதும் கமலநாயகி ஓரடி முன்னுக்கு வந்தாள்.

விளக்கு வெளிச்சம் டேலியாவுக்கு வந்தது. நின்றது.

"லோறன்ஸ்" என்றார் ஃப்ராவ் ப்ரூக்னர், தலையை நிமிர்த்தாமல். "இதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

லோறன்ஸ் வாயைத் திறந்தான்.

"நான்தான்" என்றாள் கமலநாயகி.

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஃப்ராவ் ப்ரூக்னர் பூதக்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். கமலநாயகி தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், தெரியாத இடத்தில் கையால், எல்லாவற்றையும் சொன்னாள். படம் நிலத்தில் இருந்தது. என் கால் பட்டது. நான் தொட்டேன். விரலில் சிவப்புத்தூள் இருந்திருக்கும்.

"கால் பட்டதற்கு ஏன் கையால் தொட்டீர்கள்?"

"மன்னிப்புக் கேட்டேன்."

"யாரிடம்?"

கமலநாயகி படத்தைக் காட்டினாள். எங்கே, செய்து காட்டுங்கள் என்றார் அவர். படத்தில் முட்டாமல், காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினாள். ஃப்ராவ் ப்ரூக்னர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. ஒரு மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றினார். சுற்றியதை வாயில் வைத்து எச்சிலில் நனைத்தார். நனைத்த பஞ்சை அந்த டேலியாவில் வைத்து மெல்ல உருட்டினார்.

"ஐயோ, எச்சில்!" என்று கமலநாயகி தமிழில் கத்திவிட்டாள். கால் பட்டதற்கே மன்னிப்புக் கேட்டவளுக்கு முன்னால் எச்சிலைக் கொண்டுபோய்ப் பூவில் பூசினால் வேறென்ன செய்வாள்? லோறன்ஸ் நிலத்தைப் பார்த்தபடி, அது இங்கே வழமைதான், எச்சில்தான் அழுக்கை மென்மையாக எடுக்கும் என்று முணுமுணுத்தான்.

பஞ்சை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். மூன்று பேரும் பார்த்தார்கள். வெள்ளையாகத்தான் இருந்தது. இன்னொரு பஞ்சு எடுத்து உருட்டினார், அதுவும் வெள்ளை. பூவில் சிவப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஃப்ராவ் ப்ரூக்னர் பூதக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "வாருங்கள், பாருங்கள்." கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கமலநாயகி குனிந்தாள். இதழ்களின் வெள்ளையில் மயிர் போல ஒரு வெடிப்பு ஓடியது. பழைய வர்ணம் காய்ந்து காய்ந்து விழுகிற வெடிப்பு. அது வெள்ளையில் தொடங்கி, சிவப்புக்குள்ளாலும் போய், மறுபக்கம் வெள்ளையில் இறங்கியது. நேற்றுப் பட்ட குங்குமத்தில் நூறு வருசத்து வெடிப்பு விழாது. வெள்ளை வர்ணம் ஈரமாக இருந்தபோதே, தூரிகையின் நுனியால் ஒரு தரம் தொட்டு எடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

"இது அவருடையது. உங்கள் விரல் ஒன்றுமே செய்யவில்லை" என்றார் ஃப்ராவ் ப்ரூக்னர்.

கமலநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். வேலையும் லோறன்ஸும் அந்தக் கணத்தில் மனதில் இல்லை. அவர்தான் வைத்தார், அவர்தான் வைத்தார் என்றுதான் இருந்தது. பச்சை பக்கத்தில் இல்லாமல், தன் வழக்கத்தை மீறி, அந்தப் பூவுக்கு என்ன வேணும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். பெருவிரலால் மறைத்து மறைத்துப் பார்த்தபோது தனக்குத் தெரிந்தது உண்மைதான்.

பிறகுதான் ஃப்ராவ் ப்ரூக்னர், குரலைத் தாழ்த்தி, மற்றதைச் சொன்னார். படத்துக்குச் சேதமில்லை, நல்லது. ஆனால் காவலுக்கு நின்ற ஒருவர் படத்தைத் தொட்டேன் என்று தன் வாயால் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரரின் படம். இதைத் தன்னால் கேளாததுபோல விடமுடியாது. அவருக்கு வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

லோறன்ஸும் மற்றவரும் படத்தைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். கமலநாயகி வாசலில் நின்று பார்த்தாள். மூடி போட்டுத் திருகாணிகளை முடுக்கினார்கள். யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவருக்குப் போகிறது, இனி அவள் பார்க்கப்போவதில்லை. மத்தியானத்துக்குள் மேற்பார்வையாளர் அழைத்து, கண்காட்சியோடு உங்கள் வேலையும் முடிகிறது, நிரந்தரமாக்குகிற கதை இனி இல்லை என்றார். கையைக் குலுக்கினார். அவள் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள்.

பின்வாசலால் வெளியே வந்தபோது லோறன்ஸ் நின்றுகொண்டிருந்தான். குளிருக்குள் மேலங்கி போடாமல் நின்றான்.

"என்னடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுது. பயப்பிடாதை. உனக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

"அண்டைக்கு நான் கண்டனான் அன்ரி."

"என்னத்தை?"

"நீங்கள் தொட்டுக் கண்ணிலை ஒத்தினதை. மற்றவர் பின்னாலை வந்தவர், அவர் காணேல்லை. நான் வாசல்லை நிண்டனான், நீங்கள் திரும்ப முன்னம் ஒதுங்கிட்டன்."

அவ்வளவு நாளும் ஒருவரும் காணவில்லை என்று நம்பியிருந்தாள். அவன் வழியில் ஒதுங்கிப் போனது ஏன் என்று இப்போது விளங்கியது. "சொல்லாமல் வைச்சிருந்தனீயே" என்றாள்.

"இல்லை அன்ரி. கேளுங்கோ." அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "நேற்று ஜசிந்தாவோட இருந்து முடிவெடுத்தனான். இண்டைக்கு ஃப்ராவ் ப்ரூக்னர் கேட்டா, உங்கட பேரைச் சொல்லுறதெண்டு. எங்களுக்கு வேற வழி தெரியேல்லை. கேட்டவ. நானும் வாயைத் துறந்தனான்."

எத்தனையோ விதமாகப் பயந்து வாழ்ந்தவள் கமலநாயகி. இப்படி ஒன்றுக்குப் பயப்படவேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த அறையும், வியர்த்த மேலுதடும், அவன் வாய் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவளுடைய பெயரின் முதல் எழுத்து அந்த நேரம் அவன் நாக்கில் இருந்திருக்கிறது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அழுதுகொண்டு நின்றான். வளர்ந்த ஆம்பிளை, தோளெல்லாம் குலுங்கியது.

"பிள்ளையளை வைச்சிருக்கிறவன் வேற என்ன செய்யிறது" என்றாள் கமலநாயகி. "அதுகும் பொய்யில்லையே. நான் தொட்டதுதானே."

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்கிற மாதிரி.

"எண்டாலும் நீ சொல்லேல்லைத்தானே?"

"நீங்கள் என்னைச் சொல்ல விடேல்லை அன்ரி" என்றான்.